கார்லோ ஆன்செலோட்டி: ஆட்டக்காரர் பயிற்சியாளரான பாதை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பியக் கால்பந்துக் கிளப்புகளின் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக் கோப்பையைப் பயிற்சியாளராக 5 முறை வென்றவர் உலகில் ஒருவர்தான்: இத்தாலியின் கார்லோ ஆன்செலோட்டி. அதே கோப்பையை ஆட்டக்காரராகவும் 2 முறை தூக்கியவர். இருந்தும் அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் "வீரர்களிடம் நன்றாகப் பழகுவார்" என்பதோடு நின்றுவிடுகிறது. அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதிப் பாதி களத்துக்குள் இருக்கிறது.

ஆன்செலோட்டி எந்த இடத்தில் ஆடினார்? பெரிய ஆட்டக்காரர்தானா?

நடுக்களத்தில் ஆடினார். 1959 ஜூன் 10 அன்று வட இத்தாலியில் ரெஜ்ஜோலோ என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா விவசாயி, மாடு வளர்த்து, பார்மேசான் பாலாடைக்கட்டி செய்து பிழைத்த குடும்பம். பார்மா அணி மூன்றாம் நிலை லீகில் இருந்தபோது அதில் ஆடத் தொடங்கினார். 1979இல் ட்ரியெஸ்டினாவுடன் நடந்த பிளே-ஆஃபில், கூடுதல் நேரத்தில் அவர் அடித்த 2 கோல்கள் பார்மாவை இரண்டாம் நிலைக்கு ஏற்றின. அந்தக் கோடையிலேயே ரோமா அவரை வாங்கியது.

ரோமாவில் 8 ஆண்டுகள். 1983இல் லீக் பட்டம், அதோடு நான்கு இத்தாலியக் கோப்பைகள். 1987 முதல் 1992 வரை ஏ.சி. மிலானில் இரண்டு லீக் பட்டங்கள், 1989, 1990 என்று அடுத்தடுத்து இரண்டு ஐரோப்பியக் கோப்பைகள் (சாம்பியன்ஸ் லீக்கின் அன்றைய பெயர்). இத்தாலிக்காக 26 ஆட்டங்கள். உலகின் முதல் பத்து வீரர்களில் ஒருவர் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் அந்த மிலான் அணியில் இடம் பிடிக்க யாருக்கும் சலுகை கிடையாது.

முழங்கால் காயங்கள் அவரை எப்படி மாற்றின?

இரண்டு முழங்கால்களிலும் பெரிய காயம். 1981இல் ஃபியோரென்டினாவுடனான ஆட்டத்தில் ஒன்று போனது. 1982இல் இத்தாலி உலகக் கோப்பையை வென்றபோது அவர் அணியில் இல்லை. 1983-84 பருவத்தில் மற்றொன்று போனது. ரோமா தன் சொந்த மைதானத்திலேயே லிவர்பூலிடம் பெனால்டியில் தோற்ற 1984 ஐரோப்பியக் கோப்பை இறுதியையும் அவரால் ஆட முடியவில்லை.

அந்தக் காலத்தில் முழங்கால் தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை செய்தால், பழைய வேகம் முழுசாகத் திரும்புவது அரிது. வேகம் குறைந்த நடுக்கள வீரருக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி, பந்து வருமுன் அந்த இடத்தில் போய் நிற்பது. எதிராளி எந்தத் தோளின் பக்கம் திரும்புவான், தன் முதுகுக்குப் பின்னால் யார் காலியாக நிற்கிறார், அடுத்த பாஸ் எந்த இடைவெளியில் போகும் என்று ஒவ்வொரு நொடியும் கணக்குப் போட வேண்டும். பிற்காலத்தில் களத்துக்கு வெளியே நின்று அவர் போட்டதும் இதே கணக்குத்தான். பயிற்சியாளர்களில் நடுக்களத்தில் ஆடியவர்கள் அதிகம் இருப்பதற்கு இதுவே பெரிய காரணம் என்பது எங்கள் கருத்து.

அர்ரிகோ சாக்கியிடம் என்ன கற்றார்?

மிலானுக்கு அவரை வேண்டும் என்று பிடிவாதமாகக் கேட்டவரே அன்றைய மிலான் பயிற்சியாளர் சாக்கிதான். முழங்காலைப் பார்த்து கிளப் தயங்கியது, சாக்கி விடவில்லை.

சாக்கியின் அடிப்படை எளிது. கடைசித் தடுப்பு வரிசைக்கும் முன்கள வீரருக்கும் நடுவே 25 மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. அணி முழுவதும் ஒரே பாயைச் சுருட்டி விரிப்பதுபோல முன்னும் பின்னும் நகர வேண்டும். இதை வீரர்களுக்கு நிரூபிக்க ஒரு பயிற்சி வைத்தார். ஒரு பக்கம் ஒழுங்காக நிற்கும் 5 பேர்: கோல்கீப்பரும், பரேசி, மால்டினி உள்ளிட்ட நான்கு தடுப்பாட்டக்காரர்களும். மறுபக்கம் 10 பேர்: குல்லிட், வான் பாஸ்டன், ரைக்கார்ட், ஆன்செலோட்டி எல்லோரும். 15 நிமிடத்தில் ஒரு கோல் அடித்தால் போதும். ஒரே நிபந்தனை, பந்தை இழந்தால் தங்கள் பாதிக்குள் 10 மீட்டர் தள்ளிப்போய் மறுபடி தொடங்க வேண்டும். பத்துப் பேரும் ஒரு கோல்கூட அடிக்கவில்லை.

கோல் அடிக்க முடியாமல் திணறிய அந்தப் பத்துப் பேரில் ஒருவராக இருந்ததுதான் ஆன்செலோட்டிக்குக் கிடைத்த பாடம். ஒழுங்குக்கு முன் திறமை எவ்வளவு தவிக்கும் என்பதை அவர் உள்ளிருந்தே உணர்ந்தார். 1989 அரையிறுதியில் ரியல் மாட்ரிட்டை மிலான் 5-0 என்று நொறுக்கியபோது, தூரத்திலிருந்து அடித்து கோல் கணக்கைத் தொடங்கி வைத்தவர் அவர்.

பூட்ஸைக் கழற்றியதும் நேரே தலைமைப் பயிற்சியாளர் ஆகிவிட்டாரா?

இல்லை. வரிசை இப்படி:

1992: கடைசி லீக் ஆட்டங்களில் ஒன்றில் மாற்று வீரராக இறங்கி வெரோனாவுக்கு எதிராக 2 கோல் அடித்து ஓய்வு பெற்றார். உடனே இத்தாலி தேசிய அணியில் சாக்கிக்கு உதவியாளரானார். 1994 உலகக் கோப்பை இறுதி வரை போய், பிரேசிலிடம் பெனால்டியில் தோற்ற அணி அது.

1995-96: இரண்டாம் நிலை லீகில் ரெஜ்ஜானா. முதல் பருவத்திலேயே அணியை முதல் நிலைக்கு ஏற்றினார்.

1996: தான் வளர்ந்த பார்மாவுக்குத் தலைமைப் பயிற்சியாளர். புஃபோன், கன்னவாரோ, துராம், கிரெஸ்போ இருந்த அணி. முதல் ஆண்டிலேயே யுவென்டஸுக்கு 2 புள்ளி மட்டும் பின்தங்கி இரண்டாம் இடம்.

மூன்று ஆண்டு உதவியாளர், ஓராண்டு சின்ன கிளப், பிறகுதான் பெரிய பெஞ்ச். பெயர் பெற்ற ஆட்டக்காரர்கள் பலர் இந்த இடைப்பட்ட படிகளைத் தாண்டிக் குதித்துத்தான் சறுக்குகிறார்கள். பெரிய கிளப்பில் மூன்று தோல்வி வந்தால் தவறைத் திருத்திக்கொள்ள நேரம் கிடைக்காது. சின்ன கிளப்பில் கிடைக்கும்.

பயிற்சியாளர் உரிமம் வாங்கியது எங்கே? அதற்கு என்ன செய்ய வேண்டும்?

புளோரன்ஸ் நகரில் கோவெர்ச்சானோ என்ற இடத்தில் இருக்கும் இத்தாலியக் கால்பந்து சங்கத்தின் பயிற்சி மையத்தில். அங்கே மேல்நிலை உரிமத்துக்கு வகுப்பும் களப்பயிற்சியும் மட்டும் போதாது, ஆய்வுரை ஒன்றும் எழுதித் தர வேண்டும். ஆன்செலோட்டி 1997இல் எழுதியதன் தலைப்பு, "கால்பந்தின் எதிர்காலம்: கூடுதல் இயங்குதிறன்" என்ற பொருள் தருவது.

இன்று ஐரோப்பாவில் சி, பி, ஏ, ப்ரோ என்று படிகள். ஒன்றை முடித்து அணியோடு வேலை செய்த பிறகே அடுத்தது. ப்ரோ படிப்புக்கு மட்டும் குறைந்தது 360 மணி நேரம். ஆசியக் கூட்டமைப்பின் கீழ் வரும் இந்தியாவில் டி-யில் தொடங்கி சி, பி, ஏ, ப்ரோ என்று போகும்.

அவர் செய்த பெரிய தவறு எது?

இத்தாலியின் நட்சத்திர வீரர் ராபர்டோ பாஜ்ஜோவை வேண்டாம் என்றது. இந்த ஒரு பதிலைப் புரிந்துகொண்டால் மீதி 25 ஆண்டும் புரியும்.

பார்மாவில் அவர் சாக்கியின் சீடராகவே இருந்தார். ஆட்ட அமைப்பு 4-4-2, அதாவது பின்னால் 4 தடுப்பாட்டக்காரர்கள், நடுவே 4 பேர், முன்னால் கோல் அடிக்க 2 ஸ்ட்ரைக்கர்கள். அதில் மாற்றமே கிடையாது. இரண்டு ஸ்ட்ரைக்கர்களுக்குப் பின்னால் சுதந்திரமாக ஆடும் 10ஆம் எண் வீரருக்கு அந்த அமைப்பில் இடமில்லை. ஜான்ஃபிராங்கோ ஜோலாவை ஓரத்துக்குத் தள்ளினார். ஜோலா 1996 நவம்பரில் செல்சிக்குப் போய் அங்கே ரசிகர்களின் செல்லப்பிள்ளை ஆனார். 1997 கோடையில் பாஜ்ஜோ பார்மாவுக்கு வரத் தயாராக இருந்தார், ஆனால் தனக்குப் பிடித்த இடத்தில் ஆட வேண்டும் என்றார். ஆன்செலோட்டி மறுத்துவிட்டார். பாஜ்ஜோ போலோன்யாவுக்குப் போய் அந்தப் பருவத்தில் லீகில் மட்டும் 22 கோல் அடித்தார்.

இதில் வலிக்கும் பகுதி இன்னொன்று. 1994 உலகக் கோப்பையில் நாக்அவுட் ஆட்டங்களில் 5 கோல் அடித்து இத்தாலியை இறுதிக்குத் தூக்கிச் சென்றவரே பாஜ்ஜோ. அப்போது பெஞ்சில் உதவியாளராக உட்கார்ந்து அதைப் பார்த்தவர் ஆன்செலோட்டி. கண்ணெதிரே பார்த்தும் அமைப்பின் மேல் வைத்த நம்பிக்கை அவரை மறுக்க வைத்தது. பிற்காலத்தில் இது தவறு என்று அவரே பலமுறை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

எப்போது மாறினார்?

யுவென்டஸில், பிரான்ஸின் 10ஆம் எண் வீரர் ஜினடின் ஜிடானைப் பார்த்த பிறகு. 1999 பிப்ரவரியில் அங்கே போனார். ஜிடானை ஓரத்தில் நிறுத்துவது என்பது பேச்சுக்கே இடமில்லாதது. எனவே அமைப்பையே மாற்றி, இரண்டு ஸ்ட்ரைக்கர்களுக்குப் பின்னால் அவருக்கு இடம் செய்தார். பட்டம் கிடைக்கவில்லை: 2000இல் கடைசி நாள் பெருஜாவில் கொட்டிய மழையில் 1-0 என்று தோற்று 1 புள்ளியில் லாட்சியோவிடமும், 2001இல் 2 புள்ளியில் ரோமாவிடமும் இழந்தார். வேலை போனது. ஆனால் அடுத்த கிளப்புக்கு அவர் வேறு ஆளாகப் போனார்.

பிர்லோவைப் பின்னால் இறக்கியது ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

ஆந்திரேயா பிர்லோவும் முதலில் 10ஆம் எண் வீரர்தான். 2001 தொடக்கத்தில் பிரெஷாவில் கடன் ஒப்பந்தத்தில் ஆடியபோது, அங்கே அந்த இடத்தில் பாஜ்ஜோ இருந்தார். ஆகவே பயிற்சியாளர் மட்ஸோனே பிர்லோவைத் தடுப்பு வரிசைக்கு முன்னால் நிறுத்திப் பார்த்தார். 2001 நவம்பரில் ஆன்செலோட்டி மிலானுக்கு வந்தார். அங்கே ருய் கோஸ்டா, சீடோர்ஃப், பிறகு ரிவால்டோ, காகா என்று ஆக்கத்திறன் உள்ளவர்கள் குவிந்துகொண்டே போனார்கள். எல்லோரையும் ஒரே களத்தில் நிறுத்த வேண்டுமானால் ஒருவர் பின்னால் வர வேண்டும். வந்தவர் பிர்லோ.

இதன் வேலை எப்படி நடக்கிறது என்றால், ஸ்ட்ரைக்கருக்குப் பின்னால் நிற்கும் 10ஆம் எண் வீரர் பந்தை வாங்கும்போது கோலுக்கு முதுகு காட்டி நிற்பார், முதுகில் ஒரு ஆள் ஒட்டியிருப்பார். அதே வீரரை 30 மீட்டர் பின்னால் கொண்டுவந்தால் முழுக் களமும் முகத்துக்கு நேரே வரும்; அவரைத் துரத்தி வர எதிரணி ஸ்ட்ரைக்கருக்கு மனமும் இருக்காது, பழக்கமும் இருக்காது. பாஸ் தேர்ந்தெடுக்கக் கூடுதலாக ஒரு நொடி கிடைக்கும். பிர்லோவுக்கு அந்த ஒரு நொடி போதும்.

இதற்கு ஒரு விலை உண்டு. பிர்லோ பந்தைப் பறிக்கும் ஆள் இல்லை. பக்கத்தில் ஜென்னாரோ கத்துசோ இல்லாமல் இந்த ஏற்பாடு ஒரு மாதம்கூடத் தாங்கியிருக்காது. பிர்லோவைப் பார்த்து ஆசைப்பட்டு, கத்துசோ இல்லாமல் இதைச் செய்து பார்க்கும் அணிகள் எதிர்த்தாக்குதலில் மாட்டிக்கொள்வது இன்றும் நடக்கிறது.

"கிறிஸ்துமஸ் மரம்" என்கிறார்களே, அது என்ன?

4-3-2-1. கீழே அகன்று மேலே கூம்பி வருவதால் அந்தப் பெயர். 2007 சாம்பியன்ஸ் லீக் ஏதென்ஸ் இறுதியில் லிவர்பூலை 2-1 என்று வென்ற அணியைப் பாருங்கள்: கோலில் டீடா, ஒட்டோ, நெஸ்டா, மால்டினி, யான்குலோவ்ஸ்கி, கத்துசோ, பிர்லோ, அம்ப்ரோசினி, காகா, சீடோர்ஃப், முன்னால் தனியாக இன்ஸாகி. இரண்டு கோலும் இன்ஸாகியுடையவை. அந்தப் பருவத்தில் போட்டியிலேயே அதிக கோல் காகாவுக்கு, 10.

இதில் விங்கர், அதாவது ஓரத்தில் ஆடும் தாக்குதல் வீரர், கிடையாது. அகலம் வேண்டுமானால் ஓரத் தடுப்பாட்டக்காரர்கள்தான் ஏறி வர வேண்டும். அவர்கள் ஏறிய நேரத்தில் பந்து பறிபோனால், அந்தப் பக்க நடுக்கள வீரர் ஓடிப்போய் அடைக்க வேண்டும். கத்துசோவும் அம்ப்ரோசினியும் 90 நிமிடம் செய்த வேலை அது. கெட்டுப்போகும் இடங்கள் இரண்டு. அந்த இருவரில் ஒருவர் களைத்தாலும் ஓரம் திறந்துவிடும். காகாவும் சீடோர்ஃபும் பந்து தேடிக் கீழே இறங்கிவிட்டால், முன்னால் நிற்பவர் தனித்துப் போவார்.

2005 சாம்பியன்ஸ் லீக் இறுதியில், இஸ்தான்புல்லில், லிவர்பூலுக்கு எதிரான 3-0 முன்னிலை எப்படிக் கைவிட்டுப் போனது?

மிலான் அன்று நடுக்கள நால்வரும் வைரத்தின் நான்கு முனைகள்போல நிற்கும் டைமண்ட் வடிவத்தில் ஆடியது: கீழே பிர்லோ, மேலே காகா, முன்னால் ஷெவ்சென்கோவும் கிரெஸ்போவும். முதல் நிமிடத்தில் மால்டினி, பிறகு கிரெஸ்போ இரண்டு. முதல் பாதி முழுக்கக் காகாவைப் பிடிக்க லிவர்பூலில் ஆளே இல்லை.

இடைவேளையில் லிவர்பூல் பயிற்சியாளர் ரஃபா பெனிடெஸ் ஃபின்னனை எடுத்துவிட்டு ஹாமனை இறக்கினார். பின்வரிசை மூன்று பேரானது. ஹாமன் காகாவின் பாதையை அடைத்தார், அதனால் ஜெராட்டுக்கு முன்னேறும் சுதந்திரம் வந்தது. 54, 56, 60 என்று 6 நிமிடத்தில் 3 கோல். 3-3 என்று முடிந்த ஆட்டம் பெனால்டிக்குப் போய் மிலான் தோற்றது. அதில் செர்ஜினோ வெளியே அடித்தார். பிர்லோ, ஷெவ்சென்கோ இருவருடையதையும் லிவர்பூல் கோல்கீப்பர் டூடெக் தடுத்தார்.

மிலான் வீரர்கள் இடைவேளையிலேயே கொண்டாடினார்கள் என்ற கதையை நம்ப வேண்டாம். அவர்களே அதை மறுத்துவிட்டார்கள். அந்த 6 நிமிடத்துக்கு வெளியே ஆட்டம் பெரும்பாலும் மிலான் கையில்தான் இருந்தது. எதிராளி ஒரு மாற்றம் செய்தபோது உடனே பதில் மாற்றம் செய்ய ஆன்செலோட்டிக்கு நேரம் கிடைக்கவில்லை, அவ்வளவே. இரண்டே ஆண்டில் அதே லிவர்பூலை வென்றார்.

இங்கிலாந்தின் செல்சி, பாரிஸின் பி.எஸ்.ஜி. காலம்?

செல்சியில் முதல் ஆண்டே, 2010இல், லீகும் எஃப்.ஏ. கோப்பையும். லீகில் 103 கோல், கடைசி நாளில் விகனுக்கு எதிராக 8-0. அடுத்த ஆண்டு இரண்டாம் இடம். பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்த அன்றே நீக்கம். பி.எஸ்.ஜி.க்கு 2013இல் 1994க்குப் பிறகான முதல் லீக் பட்டத்தை வாங்கித் தந்தார்.

ரியல் மாட்ரிட்டின் பத்தாவது சாம்பியன்ஸ் லீக் கோப்பையில் அவர் பங்கு என்ன?

12 ஆண்டு காத்திருந்த கோப்பை அது. ஏஞ்செல் டி மரியா விங்கர். கரேத் பேல் வந்ததும் டி மரியாவுக்கு இடமில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆன்செலோட்டி அவரை மூவர் நடுக்களத்தில் இடதுபுறம் இறக்கினார். ஓடும் கால், பந்தோடு ஆளைத் தாண்டும் திறமை, இரண்டும் நடுவே வந்து சேர்ந்தன.

2014 மே 24, லிஸ்பனில் இறுதி ஆட்டம். அட்லெடிகோ 1-0 முன்னிலை. 59ஆம் நிமிடத்தில் கெதிராவையும் கோயென்ட்ராவோவையும் எடுத்துவிட்டு இஸ்கோவையும் மார்செலோவையும் இறக்கினார். 93ஆம் நிமிடத்தில் ரமோஸ் தலையால் அடித்துச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் பேல், மார்செலோ, ரொனால்டோ, 4-1. ஆட்ட நாயகன் டி மரியா. அன்று பெஞ்சில் ஆன்செலோட்டிக்கு உதவியாளராக உட்கார்ந்திருந்தவர் ஜிடான்.

ஜெர்மனியின் பேயர்னிலும் இத்தாலியின் நாப்போலியிலும் ஏன் நிலைக்கவில்லை?

பேயர்னுக்கு 2017 லீக் பட்டம் வாங்கித் தந்தும், அதே செப்டம்பரில் பாரிஸில் 3-0 என்று தோற்ற மறுநாளே நீக்கப்பட்டார். அந்த ஆட்டத்தில் ரிபெரி, ராபன், ஹும்மெல்ஸ் மூவரும் தொடக்க அணியில் இல்லை. ஐந்து வீரர்கள் அவருக்கு எதிராகத் திரும்பியிருந்தார்கள் என்று கிளப் தலைவர் ஹூனெஸ் பிறகு வெளிப்படையாகச் சொன்னார். முந்தைய பயிற்சியாளர் குவார்டியோலாவின் நுணுக்கமான பயிற்சிக்குப் பழகிய அணிக்கு இவருடைய தளர்வான கை போதவில்லை. பழகும் குணம் மட்டுமே அணியை நடத்தாது என்பதற்கு இதைவிட நேரடி உதாரணம் இல்லை.

நாப்போலியில் 2019 நவம்பரில் கிளப் உரிமையாளர் அணியை முகாமில் அடைத்து வைக்க உத்தரவிட்டார். வீரர்கள் மறுத்து வீட்டுக்குப் போனார்கள். முகாம் தனக்குப் பிடிக்கவில்லை என்று முன்பே சொல்லியிருந்தும், ஆன்செலோட்டி முகாமுக்குப் போனார். நடுவில் மாட்டிக்கொண்டவர் அவர்தான். டிசம்பரில் கெங்க் அணியை 4-0 என்று வென்ற இரவிலேயே வேலை போனது.

இங்கிலாந்தின் எவர்டனிலிருந்து மறுபடி ரியல் மாட்ரிட்டுக்குப் போய் வென்றது அதிர்ஷ்டமா?

2022 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியைப் பாருங்கள். மான்செஸ்டர் சிட்டியிடம் பின்தங்கிய நிலையில் 68ஆம் நிமிடத்தில் குரூஸ் வெளியே, ரோட்ரிகோ உள்ளே. 75இல் மோட்ரிச்சும் காசெமிரோவும் வெளியே, கமவிங்காவும் அசென்சியோவும் உள்ளே. சாம்பியன்ஸ் லீக்கைப் பலமுறை வென்ற மூவரையும் ஒரே ஆட்டத்தில் உட்கார வைக்க நெஞ்சுரம் வேண்டும். 90, 91 நிமிடங்களில் ரோட்ரிகோ 2 கோல். முதல் கோலுக்கு வழி திறந்தது கமவிங்கா தூக்கிப்போட்ட பந்து. இதை அதிர்ஷ்டம் என்று சொல்ல எங்களால் முடியவில்லை.

2023-24 இன்னும் தெளிவானது. பென்சீமா போய்விட்டார், பதிலுக்குப் பெரிய ஸ்ட்ரைக்கர் இல்லை. கோர்ட்வா, மிலிட்டாவோ, அலாபா மூவருக்கும் முழங்கால் காயம். ஆன்செலோட்டி டைமண்டுக்குத் திரும்பினார்: ஜூட் பெல்லிங்காம் மேல்முனையில், வினிசியஸும் ரோட்ரிகோவும் முன்னால். பந்து இல்லாதபோது பெல்லிங்காம் இடதுபுறம் இறங்க, அது 4-4-2 ஆகும். பெல்லிங்காம் லீகில் 19 கோல். பார்மாவில் 10ஆம் எண் வீரருக்கு இடமில்லை என்று சொன்ன அதே மனிதர், நடுக்கள வீரர் ஒருவரை அந்த இடத்தில் நிறுத்தி லீகும் சாம்பியன்ஸ் லீகும் வென்றார்.

அப்படியானால் 2024-25 ஏன் சரிந்தது?

குரூஸ் ஓய்வு பெற்றார். பின்னாலிருந்து ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆள் இல்லாமல் போனது. எம்பாப்பே வந்தார், அவரும் வினிசியஸும் விரும்புவது அதே இடது ஓரம். முன்னால் மூவர் பந்து இல்லாதபோது ஓடாவிட்டால் பின்னால் ஏழு பேர்தான் மிச்சம். அதற்கு மேல் கார்வஹாலுக்கும் மிலிட்டாவோவுக்கும் முழங்கால் காயம். ஒரே பருவத்தில் பார்சிலோனாவிடம் 4 ஆட்டம் தோற்று 16 கோல் வாங்கினார்கள். வீரர்களுக்கேற்ப அமைப்பு என்ற அவருடைய முறைக்கு ஒரு வரம்பு உண்டு: வீரர்களின் கூட்டே ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால், எந்த அமைப்பும் கைகொடுக்காது.

கோப்பைக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

சாம்பியன்ஸ் லீக்: 2003, 2007 மிலான், 2014, 2022, 2024 ரியல் மாட்ரிட். லீக் பட்டங்கள்: இத்தாலி 2004, இங்கிலாந்து 2010, பிரான்ஸ் 2013, ஜெர்மனி 2017, ஸ்பெயின் 2022, 2024. ஐரோப்பாவின் ஐந்து பெரிய லீகுகளையும் வென்ற முதல் பயிற்சியாளர் அவர்தான். 2025 மே மாதம் பிரேசில் தேசிய அணிக்குப் பொறுப்பேற்றார். பராகுவேயை 1-0 என்று வென்று 2026 உலகக் கோப்பைக்கு அந்த அணி தகுதி பெற்ற நாள் ஜூன் 10, அவருடைய 66ஆவது பிறந்தநாள்.

அவருடைய ஒரே ஒரு ஆட்டத்தைப் பார்க்க நேரமிருந்தால் எதைப் பார்க்கலாம்?

2007 மே 2, மிலானின் சான் சிரோ மைதானம், சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம்: மிலான் 3, மான்செஸ்டர் யுனைடெட் 0. முதல் ஆட்டத்தில் 3-2 என்று தோற்று வந்திருந்தது மிலான். 11ஆம் நிமிடம் காகா, 30இல் சீடோர்ஃப், 78இல் மாற்று வீரராக வந்த ஜிலார்டினோ. கோல்களுக்காகப் பார்க்காதீர்கள். முதல் அரை மணி நேரம் பந்தை விட்டுவிட்டு அம்ப்ரோசினியை மட்டும் கண்ணால் தொடருங்கள். யான்குலோவ்ஸ்கி ஒவ்வொரு முறை மேலே ஏறும்போதும் அவர் எங்கே போய் நிற்கிறார் என்று கவனியுங்கள்.